முழங்கால் மட்டம்

அழகையாவுக்குப் பேசத் தெரியாது. வாய் இருக்கிறது, வேண்டும்போது சத்தமும் நன்றாகவே வரும். ஆனால் ஒருவர் முகத்தைப் பார்த்து "தப்பு என்னுடையதுதான்" என்று சொல்கிற காரியத்துக்கு மட்டும் அவரிடம் சொல் கிடையாது. அறுபது வயது வரைக்கும் அவருக்காகப் பேசியதெல்லாம் அவர் கையிலிருந்த கவ்வாத்துக் கத்திதான். அதனால் அன்று விடிய தங்கச்சி வீட்டுக்குப் புறப்பட்டபோது, ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு கிலோ சீனி, ஒரு பெட்டி பிஸ்கட் இவற்றோடு கத்தியையும் சாக்குத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். விருந்துக்குப் போகிற மனிதன் கத்தி கொண்டுபோவானா என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். மகன் கொழும்பில் ஒரு கடையில் இருக்கிறான்.

பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பத்தெட்டு வருஷம் கவ்வாத்து வெட்டியவர் அவர். தேயிலையை அதன் போக்கில் விட்டால் மரமாகிப் போகும். சில வருஷத்துக்கு ஒரு தடவை முழங்கால் உயரத்துக்கு வெட்டி மொட்டையாக்கிவிட வேண்டும். அப்போதுதான் புதுக் கொப்பு அடித்து, கொழுந்து செழிக்கும். அந்த வெட்டுக்குத்தான் கவ்வாத்து என்று பெயர். அழகையா வெட்டிய மலையைப் பார்த்தால் நூல் பிடித்து வெட்டினாரோ என்று தோன்றும். ஒரு செடி மேலே, ஒரு செடி கீழே என்று இராது. கங்காணிமார் புதுசாக வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு போய் அவர் வெட்டிய நிரையைக் காட்டுவார்களாம். அந்தப் பெருமை ஒன்றுதான் அவருக்கு மிச்சம். பாவம், அதை வைத்துக்கொண்டுதான் மனுஷன் அன்றைக்குப் பஸ் ஏறினார்.

விஷயம் இதுதான். எட்டு மாதத்துக்கு முன் தங்கச்சி சிவசக்தி போன் எடுத்தாள். அவள் புருஷன் கிருஷ்ணராஜ், பண்டாரவளைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு மாஸ்டர். அவருக்குப் பாரிசவாதம் அடித்துவிட்டது.

"வலது கையும் காலும் வெளங்கல அண்ணே. பேச்சும் கொழறுது. ஆஸ்பத்திரியில இனி வீட்டுல வெச்சுப் பாருங்கன்னு அனுப்பிட்டாங்க. தூக்கி உக்கார வெக்கக்கூட ஆள் இல்ல. ஒரு பத்து நாள் வந்து இருங்கண்ணே, நான் பழகிக்கிற வரைக்கும்."

"கவ்வாத்து நடக்குது சக்தி. முடியட்டும், வந்துர்றேன்."

அவர் சொன்னது பொய்யில்லை. கவ்வாத்து நடந்துகொண்டுதான் இருந்தது. வேலைக்குப் போகாவிட்டால் கணக்கில் பேர் விழாது, அந்த நாள் சம்பளம் போய்விடும், உண்மைதான். ஆனால் பதினெட்டாவது நாள் கவ்வாத்து முடிந்தது. அதற்குப் பிறகும் அவர் போகவில்லை. இத்தனை நாள் கழித்துப் போய் என்ன முகத்தோடு வாசலில் நிற்பது என்று ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்தில் ஒரு வாரம் போனது. ஒரு வாரம் போனதால் கூச்சம் இரண்டு மடங்கானது. இப்படியே எட்டு மாதம். சக்தி மறுபடி போன் எடுக்கவில்லை. இவர் இரண்டு மூன்று தடவை நம்பரை அமுக்கிவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டார். கூடப் பிறந்தவள் வாய் திறந்து கேட்டது பத்தே பத்து நாள்தான். அதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்காது. ஆனாலும் போகவில்லை, என்ன மனுஷனோ.

போன மாதம் பென்ஷன் வயது வந்து வேலையிலிருந்து நின்றார். அதே மாதம், பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற ராசம்மா பதுளை பஸாரில் சக்தியைக் கண்டுவிட்டு வந்து சொன்னாள்.

"மாஸ்டரு கொழும்புல அவரு அக்கா வீட்டுல இருக்காராம். அங்க வெச்சு வைத்தியம் பாக்குறாங்களாம். சக்தி தனியாத்தான் இருக்குது. அந்தப் பக்கம் பஸ்ஸுல போனேன், ஒங்க தங்கச்சி வீட்டப் பாக்கவே முடியல. ஒரே காடு. கூரகூடத் தெரியல போங்க."

இதைக் கேட்டதும் அழகையாவுக்கு மனம் லேசாகிப் போனது. மாஸ்டர் அங்கே இல்லை. படுத்திருக்கிற மனிதனின் கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை. தங்கச்சி ஒருத்தியின் முகத்தை மட்டும் பார்த்தால் போதும், அதற்கும் வழி இருக்கிறது: காடாகிக் கிடக்கிற அந்தத் தோட்டம். ஆம்பிளை இல்லாத வீடு, செடி வெட்ட யார் இருக்கிறார்கள்? வாயால் சொல்ல முடியாததை அங்கே வெட்டிக் காட்டிவிடலாம். அந்த நினைப்பு வந்த பிறகுதான் அவர் புறப்பட்டார். ஒரு நோயாளி வீட்டில் இல்லை என்றதும் அந்த வீட்டுக்குப் போகத் துணிந்ததற்காகப் பிற்பாடு அவர் தன்னையே எவ்வளவோ திட்டிக்கொண்டார்.

பதுளையில் பஸ் மாறி, பண்டாரவளைக்கு இந்தப் பக்கம் இறங்கியபோது மணி ஒன்பது. ஆடி மாதத்துக் காற்று ஆளைத் தள்ளியது. சந்தியில் ஸலீம் நானாவின் பலசரக்குக் கடை. தங்கச்சி வீட்டில் இருக்கிறாளா என்று அங்கே கேட்டார்.

"மாஸ்டர் வீட்டு அம்மாவா? காலைல ஏழு மணி பஸ்ஸுல பதுளைக்கிப் போனாங்க. மாசத்துல ஒரு நாள் இப்பிடிப் போவாங்க. இனி ரெண்டு மணிக்கு மேலதான் வருவாங்க. நீங்க யாரு?"

"அண்ணன்."

ஸலீம் நானா அவரை மேலும் கீழும் பார்த்தார். இந்த அம்மாவுக்கு ஒரு அண்ணன் இருக்கிற சங்கதியே அவருக்குப் புதிது போலிருந்தது. அந்தப் பார்வை அழகையாவுக்குச் சுருக்கென்று தைத்தது. மேட்டில் ஏறினார்.

பள்ளிக்கூடத்துக்குப் போகிற ரோட்டோரத்தில்தான் வீடு. மண்மேட்டை வெட்டிக் கட்டியதால் பின்பக்கம் சுவரும் மேடும் ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ள இடமெல்லாம் வீட்டுக்கு முன்னால்தான். அந்த முன்பக்கத்தைக் கண்டு அழகையா மலைத்துப் போனார். ராசம்மா கூட்டிச் சொல்லவில்லை. ரோட்டோரமாகச் செம்பருத்தி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. அதற்குள்ளே குரோட்டன், நந்தியாவட்டை, காட்டுச் சூரியகாந்தி. ஜன்னலை அடைத்துக்கொண்டு இன்னொரு புதர். உள்ளே நுழைவதற்கு ஓர் ஆள் குனிந்து போகிற அளவுக்குத்தான் வழி இருந்தது. கதவில் வெளியே பூட்டுத் தொங்கியது.

அந்தப் பச்சைக்கு நடுவில் ஓர் இடம் மட்டும் சுத்தமாகப் பெருக்கியிருந்தது. தண்ணீர்க் குழாய், ஒரு பிளாஸ்டிக் கதிரை, ஒரு வாளி, கல்லின் மேல் சவர்க்காரம். எட்டு மாதமாய்த் தங்கச்சி வீட்டுப் படி மிதிக்காதவர் அதையெல்லாம் பார்த்துவிட்டு, குளிக்கிற இடத்தைக்கூட இந்தப் புதர் விழுங்கிவிட்டதே, பாவிப் பெண் எப்படித்தான் இதற்குள் இருக்கிறாளோ என்று மட்டும் நினைத்தார். கண் கலங்கியது. அவள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

கத்தியைக் கையில் எடுத்தால் அழகையா வேறு ஆள். கூச்சம், பயம் எல்லாம் எங்கே போகுமோ தெரியாது. ரோட்டோரத்துச் செம்பருத்தியிலிருந்து ஆரம்பித்தார். முழங்காலை ஒட்டி ஒரு கையால் மட்டம் பார்த்து, அங்கேயே சாய்த்து ஒரே வெட்டு. பிசிறு இல்லை, பட்டை கிழியவில்லை. பூஞ்செடிக்கு இவ்வளவு தேவையா, கொஞ்சம் தலையைத் தட்டிவிட்டால் போதாதா என்ற கேள்வியெல்லாம் அவருக்கு வரவில்லை. அவருக்குத் தெரிந்தது ஒரே மட்டம்தான். செடி என்று இருந்தால் அது முழங்கால் உயரத்துக்கு வந்தாக வேண்டும்.

முதல் நிரை விழுந்தபோது வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. டங். கொஞ்சம் விட்டு மறுபடியும் டங், டங். கத்தியை நிறுத்திக் காது கொடுத்தார். காற்று வீசிக்கொண்டிருந்தது. கூரைத் தகரம் ஒன்று ஆணி கழன்று ஆடுகிறது என்று தீர்மானித்தார். ஒரு சுத்தியல் வாங்கி அதையும் அடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று நினைத்தபோது ஒரு சந்தோஷம்கூட வந்தது. இந்த வீட்டில் தனக்கு இன்னும் ஒரு வேலை இருக்கிறதல்லவா.

சத்தம் விடாமல் கேட்டது. இவர் வெட்ட வெட்ட அது வேகமாக வந்தது, பிறகு சோர்ந்து நின்றது, மறுபடி ஆரம்பித்தது. ஒரு கட்டத்தில் எரிச்சலாகி, "சனியன் புடிச்ச தகரம்" என்று வாய்விட்டே திட்டினார். பதினொரு மணியளவில் அது அடங்கிவிட்டது. காற்று குறைந்ததே காரணம் என்று எண்ணிக்கொண்டார். ஆனால் காற்று குறையவில்லை, அதை அவர் கவனித்திருக்கலாம். வேலை மும்முரத்தில் மனிதனுக்கு எது தோன்றுகிறது?

ஒரு மணிக்கெல்லாம் ரோட்டிலிருந்து ஜன்னல் வரைக்கும் எல்லாம் சரிந்துவிட்டது. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை மனுஷன். கடைசியாக ஜன்னலை அடைத்துக்கொண்டிருந்த புதர். அதைக் கீழிருந்து நாலு வெட்டில் சாய்த்து, அள்ளிக்கொண்டுபோய் ஓரத்தில் போட்டார். பிறகு ரோட்டில் இறங்கி நின்று, வெட்டிய இடத்தைப் பார்த்தார். செம்பருத்தி, குரோட்டன், நந்தியாவட்டை, எல்லாம் ஒரே மட்டம். கண் அந்த மட்டத்துக்கு மேலே போகவில்லை. வெயில் வாசல்படி வரைக்கும் வந்திருந்தது. சக்தி வந்து பார்க்கும்போது என்ன சொல்வாள் என்று யோசித்தார். "எப்பண்ணே வந்தீங்க" என்பாள். உள்ளே வாங்க என்பாள். அது போதும், அந்த ஒரு வார்த்தைக்குத்தானே இந்தப் பாடு.

அப்போது பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கவுனுமாக முப்பது நாற்பது பேர், கத்திக்கொண்டும் ஓடிக்கொண்டும். வீட்டுக்கு நேரே வந்ததும் முன்னால் வந்தவர்கள் நின்றார்கள். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். சத்தம் அப்படியே அடங்கியது. தன் வேலையைத்தான் பார்க்கிறார்கள் என்று அழகையா முதலில் நினைத்தார். ஆனால் அவர்கள் பார்த்தது செடியையும் இல்லை, அவரையும் இல்லை.

ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பெரிய பிள்ளை மெதுவாகச் சொன்னாள்: "சேர் இங்கதான் இருக்காரு."

பிறகு புத்தகப் பையை இறக்கிவைத்துவிட்டுக் கைகூப்பினாள். அவளைப் பார்த்து எல்லாரும் கூப்பினார்கள்.

"வணக்கம் சேர்."

வகுப்பில் எழுந்து நின்று சொல்வதுபோல நாற்பது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அழகையா திரும்பினார். திறந்திருந்த ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ஒரு முகம். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கன்னத்தில் எச்சில் வழிந்து சட்டை நனைந்திருந்தது. இடது கையில் ஒரு சில்வர் டம்ளர், அதைக் கம்பியில் அடிப்பதற்கு ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. கிருஷ்ணராஜ் மாஸ்டர். கொழும்புக்கு எங்கேயும் போகவில்லை. காலையிலிருந்து ஜன்னலோரத்தில் ஒரு கதிரையில் இருந்தவர் அவர்தான். தகரமுமில்லை, காற்றுமில்லை. வேண்டாம், வெட்டாதே என்று ஒரு மனிதன் இரண்டு மணி நேரம் கம்பியில் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் அழகையா சனியன் என்று திட்டியிருக்கிறார்.

மாஸ்டர் முகத்தைத் திருப்பப் பார்த்தார். கழுத்துத் திரும்பியது, உடம்பு கூடவே வரவில்லை. டம்ளர் கீழே விழுந்தது. பிள்ளைகள் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். நல்ல பிள்ளைகள், அவர்கள்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு சின்னவன் மட்டும் பயந்துபோய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். அதை மாஸ்டர் பார்த்துவிட்டார்.

அழகையா ஓடினார். ஜன்னலுக்கு முன்னால் போய் நின்று, தன் உடம்பால் மறைத்தார்.

"போங்க பிள்ளைகளா. வீட்டுக்குப் போங்க."

அவர்கள் போனார்கள். போகிற வழியெல்லாம் பேச்சுத்தான். கொழும்பிலிருந்து எப்போது வந்தார், ஏன் அப்படி இருக்கிறார், வாய்க்கு என்ன நடந்தது. பேச்சு மேட்டைவிட்டு இறங்கிச் சந்தி வரைக்கும் போவது அழகையாவுக்குக் கேட்டது.

ஓரத்தில் குவித்த கொப்புகளை அள்ளிக்கொண்டு ஓடிவந்து, அவற்றை ஜன்னலில் சாய்த்து வைத்தார். நிற்கவில்லை. மறுபடி வைத்தார். மறுபடியும் சரிந்தன. வேர் இல்லாத கொப்பு நிற்குமா? முப்பத்தெட்டு வருஷம் செடியோடு இருந்தவருக்கு அது தெரியாதா? தெரிந்துதான் நாலு தடவை வைத்துப் பார்த்தார். உள்ளேயிருந்து மாஸ்டர் ஏதோ சொன்னார். சொல் விளங்கவில்லை. ஆனால் இடது கை ஜன்னல் பலகையைக் காட்டியது. அழகையா கை நீட்டி, வெளியிலிருந்தே ஜன்னலை இழுத்துச் சாத்தினார். உள்ளே அந்த மனிதன் இருட்டில் இருந்தார். வெளியே இவர் வெயிலில் இருந்தார். சக்தி வரும் வரைக்கும் ஒரு மணி நேரம் அப்படியே போனது.

அவள் ரோட்டு வளைவில் திரும்பியதும் வீட்டைக் கண்டாள். கையில் மருந்துப் பை. ஒரு நிமிஷம் வேறு யாரோ வீட்டுக்கு வந்துவிட்டவள்போல நின்றாள். வெட்டிய வேலியைப் பார்த்தாள், சாத்திய ஜன்னலைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். கடைசியாகப் பார்த்தது அண்ணனைத்தான். ஓடிவந்து பூட்டைத் திறந்து உள்ளே போனாள். கதவு திறந்தே கிடந்தது, ஆனால் அவரை யாரும் கூப்பிடவில்லை. உள்ளே அவள் குரல் தணிந்து கேட்டது, மாஸ்டரின் குழறல் கேட்டது. பிறகு இரண்டும் நின்றுபோயின.

வெளியே வந்தபோது அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அழகையாவுக்குத் தோன்றியது.

"பிள்ளைங்க பாத்துருச்சுங்களா?"

"பாத்துருச்சுங்க."

"எல்லாமா?"

அவர் தலையை ஆட்டினார். சக்தி படியில் உட்கார்ந்தாள். கடைசியாகப் பார்த்ததற்கு எவ்வளவு இளைத்துப் போயிருக்கிறாள் என்று அப்போதுதான் கண்டார்.

"ஒரு விசில் ஊதினா எரநூறு பிள்ளைங்க அசையாம நிக்கும் அண்ணே. அப்பிடி இருந்த மனுசன். எச்சி வடியிறத அதுங்க மட்டும் பாத்துறக் கூடாதுன்னு சொன்னாரு. வேற ஒன்னும் கேக்கல அவரு. மருந்துகூடக் கேக்கல. அதுக்குத்தான் கொழும்புல இருக்காருன்னு ஊரெல்லாம் பொய் சொன்னேன். கக்கூசு ரூம்புக்குள்ள ரெண்டு பேரு நிக்க ஏலாது, இந்தக் குழாயடியில வெச்சுத்தான் குளிப்பாட்டுவேன். குளிச்சிட்டு இந்தச் செடிக்குள்ள ஒரு மணித்தியாலம் வெயில்ல இருப்பாரு. அவரு வெளிய வாறது அது ஒன்னுதான்."

"காடாக் கெடந்துச்சு சக்தி. வெட்ட ஆளில்லாம கெடக்குன்னு நெனச்சேன்."

"வெட்டாம விட்டது இல்ல. வளத்தேன். இருந்த செடிக்குச் சாணி கொண்டாந்து போட்டு, தண்ணி ஊத்தி, இடைவெளி தெரிஞ்ச எடத்துல எல்லாம் கொப்ப நட்டு வளத்தேன்."

அழகையா கீழே பார்த்தார். வெட்டிய அடிமரத்தைச் சுற்றி மண் அணைத்திருந்தது. காய்ந்த சாணியும் கிடந்தது. காலையில் இதே இடத்தில்தான் குனிந்து குனிந்து வெட்டினார். மண் அணைத்த செடியைக் கண்டால், அதை யாரோ பராமரிக்கிறார்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர் கண் மட்டத்தைத்தான் பார்த்திருக்கிறது.

"எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்றார்.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன உடனேயே அவருக்கு அது தெரிந்துவிட்டது. சக்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு வார்த்த சொல்லித்தானே கூப்பிட்டேன். அந்தப் பத்து நாள் நீங்க வந்து இருந்தீங்கன்னா, இது செடி இல்ல, சுவருன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் அண்ணே."

ரோட்டில் யாரோ இருவர் போனார்கள். நடையைக் குறைத்து வீட்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே போனார்கள். சக்தி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அவள் வீட்டில் இருக்கும்போது இதுவரை அந்தக் கதவைப் பகலில் சாத்த வேண்டியிருந்ததில்லை.

இந்த முறை அழகையாவுக்குச் சொல் வந்தது. எட்டு மாதம் பிந்தி, எல்லாம் கெட்ட பிறகு வந்தது.

"தப்பு என்னுது சக்தி. கவ்வாத்து பதினெட்டு நாள்ல முடிஞ்சிருச்சு. அதுக்கப்புறமும் நான் வரல. வேல ஒன்னுமில்ல, சும்மாதான் இருந்தேன். ஒன் மொகத்தப் பாக்கப் பயந்துக்கிட்டு வரல. இன்னைக்கி வந்ததுகூட மாஸ்டர் இல்லன்னு கேள்விப்பட்டுத்தான் வந்தேன்."

"தெரியும். ராசம்மாகிட்ட நான்தானே சொன்னேன்." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "மொத ஒரு மாசம் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எட்டிப் பாப்பேன். அப்புறம் விட்டுட்டேன்."

பிறகு வெட்டிய அடிமரங்களைப் பார்த்தாள்.

"இது வளர எவ்வளவு நாளாகும்?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு மட்டும் அவருக்குச் சரியான பதில் தெரியும். தெரியாமல் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தார்.

"இது காயிற காலம். மழ வந்து துளிர் விடணும். செம்பருத்தி ஆள் ஒசரம் வர ஏழெட்டு மாசம். நெருங்கி மறைக்க ஒரு வருசம் ஆயிரும்."

"ஒரு வருசம்."

"அது வரைக்கும் நான் இங்கயே இருக்கேன். எனக்கு அங்க யாரும் இல்ல. தகரம் வாங்கிட்டு வந்து அடிக்கிறேன். ஓலக் கெடுகு கட்டி மறைக்கிறேன். மாஸ்டரத் தூக்கி எடுக்க, வைக்க..."

"தூக்க வேணாம். அது நான் பழகிட்டேன்."

அவள் அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க இருக்கிறத நான் மட்டும் முடிவு பண்ண ஏலாது. அவரக் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. அழகையா கத்தியைச் சாக்கில் சுற்றிப் பைக்குள் வைத்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். போகச் சொன்னால் உடனே போய்விட வேண்டும், நின்று அவளைச் சங்கடப்படுத்தக் கூடாது.

திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு கனத்த போர்வை இருந்தது.

"இருக்கட்டும்னு சொல்றாரு. குசினிக்குள்ள படுத்துக்குங்க. ஆனா ஒன்னு. நீங்க அவரு மொகத்தப் பாக்கக் கூடாதாம். அவரு இருக்கிற ரூம்புக்குள்ள வரக் கூடாதாம். ஒருத்தரும் பாக்க வேணாம்னு இருந்தேன், பாக்க வெச்சிட்டாருன்னு அழுவுறாரு."

"சரி."

"காலைலருந்து அப்பிடியே இருந்திருக்காரு, கழுவணும். பொழுது போனா இந்தக் குளிருக்குக் குளிப்பாட்ட ஏலாது. இப்பயே செய்யணும். நீங்க இத விரிச்சுப் புடிச்சுக்கிட்டு நில்லுங்க. ரோட்டப் பாத்து நில்லுங்க."

அழகையா பையை இறக்கிவைத்தார். வெட்டிய செம்பருத்திக்கும் குழாய்க்கும் நடுவில் போய், ரோட்டைப் பார்த்துக்கொண்டு, போர்வையைத் தோளுக்குப் பின்னால் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தங்கச்சி மூச்சுப் பிடித்துத் தூக்குவது கேட்டது. செத்த கால் ஒன்று சிமெந்தில் உரசிக்கொண்டு வருவது கேட்டது. கதிரை முனகியது. குழாய் திறந்தது.

நாலு மணி. ரோட்டில் ஆள் நடமாட்டம் கூடியிருந்தது. கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வருகிற பெண்கள் அவரைப் பார்த்துக்கொண்டு போனார்கள். கடையைப் பையனிடம் விட்டுவிட்டு ஸலீம் நானாவே வந்துவிட்டார், பிள்ளைகள் சொல்லியிருப்பார்கள்.

"மாஸ்டர் இங்கதானாமே? ஒடம்பு எப்பிடி இருக்கு?" அக்கறையாகத்தான் கேட்டார்.

பின்னால் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றது.

"இல்ல, அவரு கொழும்புலதான் இருக்காரு" என்றார் அழகையா.

ஸலீம் நானாவின் கண் போர்வைக்குக் கீழே போனது. அங்கே சவர்க்கார நுரை கலந்த தண்ணீர் அழகையாவின் கால்களைத் தாண்டி, வெட்டிய அடிமரங்களுக்கு நடுவால் ரோட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், அழகையாவைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அப்ப சரி, சுகமா வரட்டும்" என்று சொல்லி இறங்கிப் போனார்.

பின்னால் மாஸ்டர் அழத் தொடங்கினார். அந்தக் குரலுக்கு வடிவம் இல்லை. சக்தி ஏதோ சொல்லித் தேற்றினாள், பிறகு அவளும் அழுதாள். எட்டு மாதமாக அந்தச் செடிகளுக்குள்ளே யாருக்கும் கேட்காமல் இருந்த அழுகை அது. ஒரே ஒரு தடவை திரும்பி, அந்தத் தோளைப் பிடித்து, ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று அழகையாவுக்கு உடம்பெல்லாம் தவித்தது. கழுத்து அவரை மீறித் திரும்பப் பார்த்தது.

"திரும்பிறாதீங்க அண்ணே" என்றாள் சக்தி.

அவர் திரும்பவில்லை. கை இரண்டும் கடுத்தன. போர்வையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, ரோட்டில் வருகிறவர்கள் ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார்.